மரத்துக்குள் கூலியாள் தேடிய துரைமார்கள்

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இப்படிப்பட்ட ஊரில் குடியேற வந்த துரைமார்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை தீவுகள் இறைந்து கிடக்க, எதைப் பார்த்துப் பொறுக்கினார்கள் தெரியுமா? சாத்தம் என்ற பொட்டுத் தீவை. அதையும் இரண்டு முறை.

முதல் முறை 1789. லெப்டினன்ட் ஆர்ச்சிபால்ட் பிளேர் வந்து சாத்தத்தில் கொடி நட்டார். சில ஆண்டுகளில் குடியிருப்பை வடக்கு அந்தமானுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே காய்ச்சல் வந்து ஆளாளுக்குப் படுத்துக்கொள்ள, 1796-இல் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டார்கள். 62 ஆண்டுகள் கழித்து, 1858 மார்ச் 10 அன்று, டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். ஆக்ரா சிறையை நிர்வகித்த அனுபவசாலி. அனுபவசாலி எங்கே இறங்குவார்? அதே சாத்தத்தில்தான். இறங்கிக் காட்டை வெட்டத் தொடங்கிய பிறகுதான் குடிக்கத் தண்ணீர் போதாது என்பது தெரியவந்தது. உடனே ராஸ் தீவுக்கு ஜாகை மாறினார்கள். ராஸில் பின்னாளில் தேவாலயம், ரொட்டிக்கடை, டென்னிஸ் மைதானம், நடன மண்டபம் என்று சகலமும் எழும்பின. கூடவே கடல் தண்ணீரைக் காய்ச்சி வடிக்க ஓர் ஆலையும் வைக்க வேண்டியிருந்தது. எட்டு மாதம் மழை பெய்யும் ஊரில் விறகு எரித்து நல்ல தண்ணீர் செய்தார்கள். சாம்ராஜ்யத்தில் சூரியன் மறையாததால் வெயில் தலைக்கேறிவிட்டது போலும்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோது எதிர்க்கரையில் குர்ஜன் மரங்கள் நின்றன. 40 மீட்டர், அதற்கும் மேல். ஒவ்வொன்றும் வேரிலிருந்து உச்சாணி இலைவரை தினமும் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது. போர்ட் பிளேருக்கு இன்றைக்கும் குடிநீர் தரும் தனிக்காரி அணையின் உயரம் சுமார் 32 மீட்டர். 1973-இல் கட்டியது. குர்ஜன் அதைவிட உயரம், அதைவிடப் பழசு. டெண்டர் விட்டதாகத் தகவல் இல்லை.

துரைமாருக்கு ஓர் உறுதியான நம்பிக்கை உண்டு. ஒரு வேலை நடக்கிறதென்றால் அதைச் செய்ய ஒரு கூலியாள் இருக்க வேண்டும். கூலியாளுக்கு மேல் ஒரு மேஸ்திரி, மேஸ்திரி கையில் ஒரு பிரம்பு. அந்தமானில் சதுப்பைத் தூர்த்தது, மலையைக் குடைந்தது, பாறையைப் பெயர்த்தது எல்லாம் கைதிகளின் கை. ஆகவே மரத்துக்குள் தண்ணீர் ஏறுகிறதென்றால் உள்ளே எவனோ சுமக்கிறான் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். ஐரோப்பாவின் தாவரவியல் அந்தக் கூலியாளைத் தேடி ஒரு நூற்றாண்டை வீணடித்தது என்பது என் கட்சி. வீண் என்று சொல்லக் காரணம், 1727-லேயே ஒருவர் விடையைச் சொல்லிவிட்டிருந்தார்.

அவர் ஸ்டீபன் ஹேல்ஸ், இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரின் பாதிரியார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாளில் கத்தியும் கண்ணாடிக் குழாயும். குதிரையின் ரத்தக்குழாயில் பித்தளைக் குழாயைச் செருகி, ரத்தம் 8 அடிக்கு மேல் எழும்புவதை அளந்து எழுதியவர். குதிரைகள் தீர்ந்தனவோ, ஊரார் முறைத்தார்களோ, கவனம் செடிகள் பக்கம் திரும்பியது. வசந்த காலத்தில் திராட்சைக் கொடி ஒன்றை வெட்ட, வெட்டுவாயிலிருந்து நீர் நிற்காமல் வடிந்தது. கொடி செத்துவிடுமோ என்று பயந்து ஒரு விலங்கின் நீர்ப்பையை அதன்மேல் இறுக்கிக் கட்டினார். பை பலூனாக உப்பியது. விடுவாரா? பாதரச அளவுமானியைப் பொருத்திப் பார்த்தார். குதிரைத் தொடையின் பெரிய ரத்தக்குழாயில் இருக்கும் விசையைப் போல ஏறக்குறைய 5 மடங்கு.

வேர் கீழிருந்து தள்ளுகிறது, கூலியாள் பிடிபட்டான் என்று இதோடு கடையைக் கட்டியிருக்கலாம். ஹேல்ஸ் அப்படிச் செய்யவில்லை. இலைகள் விரிந்து வெயில் ஏறிய பிறகு அதே கொடியைச் சோதித்தார். தள்ளலைக் காணோம். வெட்டிய இடத்தில் தண்ணீரை வைத்தால் உள்ளே உறிஞ்சியது. இலைகள் நீரை ஆவியாக வெளியேற்றுகின்றன, அந்த இழப்புதான் கீழிருந்து நீரை இழுக்கிறது என்று எழுதினார். அடிப்படையில் இன்றைய விடையும் அதுதான். ஆனால் ஒரு பாதிரியார் சொன்ன இவ்வளவு எளிய விஷயத்தை ஏற்றுக்கொண்டால் பேராசிரியர்களுக்கு என்ன வேலை?

அவர்களுக்கு ஒரு நியாயமான சந்தேகமும் இருந்ததை மறைக்கக் கூடாது. உறிஞ்சும் பம்பு 10 மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்காது. கலிலியோ காலத்துக் கிணற்றுக்காரர்களுக்கே தெரிந்த சங்கதி. பம்பு உண்மையில் உறிஞ்சுவதில்லை, வெளியே உள்ள காற்றின் எடைதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றால் முடிந்தது 10 மீட்டர், அவ்வளவுதான். அப்படியானால் 40 மீட்டர் மரத்தில்? நுண்குழாயில் நீர் தானாக ஏறுமே என்றால், 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குழாயில் அது ஏறுவது 60 சென்டிமீட்டர். கத்திரிச் செடிக்கே இழுபறி. குர்ஜனின் குழாய்கள் அதைவிட அகலம், ஆகவே ஏற்றம் இன்னும் குறைவு.

ஆகவே 1884-இல் கோட்லெவ்ஸ்கி என்ற போலந்துக்காரர் கூலியாளைப் பணிக்கு அமர்த்தினார். மரத்தின் கட்டைக்குள் அடுக்கடுக்காக உயிருள்ள செல்கள் இருக்கின்றன. கீழே இருப்பது நீரை வாங்கி மேலே இருப்பதிடம் கொடுக்கும், அது அதற்கு மேலே இருப்பதிடம். கை மாற்றிக் கை மாற்றி வாளி உச்சிக்குப் போய்ச் சேரும். காகிதத்தில் பார்க்க அழகான ஏற்பாடு. அதற்கு முந்தைய ஆண்டு, 1883-இல்தான் அந்தமானில் வனத்துறை தொடங்கி, நமது பழைய சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலையும் வைத்திருந்தார்கள். தண்ணீர் ஏற்றும் இயந்திரங்களை வரிசையாகப் படுக்கவைத்து ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கைமாற்றும் ஆட்கள் எவரும் தென்பட்டதாக ஆலைக் கணக்கில் இல்லை.

கோடாரிக்காரர்களைக் கேட்டிருந்தால் ஒரு பாதிக் கேள்விக்காவது விடை கிடைத்திருக்கும். பர்மாவில் தேக்கை வெட்டுவதற்குச் சுமார் 3 ஆண்டுகளுக்கு முன்பே அடிமரத்தைச் சுற்றி வளையமாகக் கொத்திவிடுவார்கள். நின்றபடியே காய்ந்தால்தான் மரம் ஆற்றில் மிதக்கும். பட்டையை மட்டும் உரித்தால் இலை வாடாது, மரம் பாட்டுக்கு நாளைக் கடத்தும். பட்டையைத் தாண்டி வெள்ளைக் கட்டையிலும் கோடாரி இறங்க வேண்டும். இறங்கினால் உச்சி காய்ந்துவிடும். ஆக, தண்ணீர் ஏறுவது வெள்ளைக் கட்டை வழியாக. பட்டை வழியாகப் போவது இலை சமைத்த சர்க்கரை. மரவெட்டிகள் அறிந்த இந்தப் பாகப்பிரிவினையை இத்தாலியின் மால்பிகி முதல் எத்தனையோ பேர் வளையம் வெட்டி வெட்டி நிரூபித்திருக்கிறார்கள்.

கூலியாள் இருக்கிறானா இல்லையா என்பதை ஒரே போடாகத் தீர்த்தவர் பான் நகரத்துப் பேராசிரியர் எட்வார்ட் ஸ்ட்ராஸ்பர்கர். அவருடைய முறை மிக நேரடியானது: உள்ளே இருக்கும் அத்தனை பேரையும் கொன்றுவிட்டால் வேலை நிற்கிறதா என்று பார்ப்பது. 20 மீட்டருக்கு மேற்பட்ட ஓக் மரத்தை அடியில் அறுத்து, நட்ட வாக்கில் பிக்ரிக் அமிலத்தொட்டியில் நிறுத்தினார். மயில்துத்தக் கரைசலும் அவருடைய மெனுவில் உண்டு. நஞ்சு ஏறிய வழியெங்கும் செல்கள் செத்தன. செத்த பிறகும் திரவம் ஏறிக்கொண்டே இருந்தது, உச்சிவரை. 1891-இல் இதை எழுதி வெளியிட்டார். கட்டைக்குள் கூலியாள் கிடையாது. இருந்தாலும் அவனுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை. மரத்தின் நீர்க்குழாய்கள் சாதாரண நாளிலேயே செத்த செல்களின் வெற்றுக்கூடுகள்தாம் என்பது இதைவிடப் பெரிய வேடிக்கை. குழாய் பதிக்க உயிரைவிட்டவர்கள்.

இந்தக் கொலைக்களத்தை நேரில் பார்த்துவிட்டு அயர்லாந்து திரும்பிய இருவர், டப்ளினின் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும். முன்னவர் தாவரவியல், பின்னவர் இயற்பியல். 1894-இல் இவர்கள் சொன்னது: தண்ணீரை யாரும் தள்ளவும் இல்லை, சுமக்கவும் இல்லை. அது தொங்குகிறது. இலைக்குள் ஈரச் சுவர்களின் நுண்துளைகளில் நீர் ஆவியாகும்போது, துளை வாயில் நீரின் பரப்பு உள்வாங்கி வளைகிறது. அந்த வளைவு பின்னால் நிற்கும் நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டுக்கொடுப்பதில்லை. ஆகவே இழுப்பு இலையிலிருந்து கிளைக்கு, கிளையிலிருந்து அடிமரத்துக்கு, வேருக்கு என்று ஒரே நீர்ச்சரடாகக் கீழே இறங்குகிறது. பம்புக்குரிய 10 மீட்டர் சட்டம் இங்கே செல்லாது, ஏனென்றால் காற்றின் தயவில் எதுவும் நடக்கவில்லை. 40 மீட்டர் குர்ஜனில் நீரின் எடையைத் தாங்க மட்டும் 4 வளிமண்டல இழுவிசை வேண்டும், குழாய்ச் சுவரின் உராய்வுக்கு மேற்கொண்டு. செலவு முழுக்க வெயிலின் கணக்கு. ஏறிய தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காற்றில் போய்விடுகிறது. இவ்வளவு ஒழுகல் உள்ள குடிநீர்த் திட்டத்தை எந்தத் தணிக்கையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் ஒழுகல்தான் இங்கே மோட்டார்.

தண்ணீரைக் கயிறாகப் பிடித்து இழுக்க முடியுமா என்று விஞ்ஞான உலகம் சிரித்தது. காட்டில் கொடி வெட்டித் தண்ணீர் குடித்துப் பழகிய எவரும் சிரித்திருக்க மாட்டார்கள். கொடியை முதலில் கீழே வெட்டினால் ஒரு சொட்டு வாயில் விழாது. நீர் சரேலென்று மேலே ஓடிவிடும், வெட்டுவாயில் காற்றுதான் புகும். முதலில் எட்டிய உயரத்தில் மேலே ஒரு வெட்டு, பிறகு கீழே ஒரு வெட்டு, நடுத்துண்டைச் சாய்த்து வாயில் பிடிக்க வேண்டும். அறுந்ததும் மேலே ஓடுகிற தண்ணீர், அறுவதற்கு முன்பு எந்த நிலையில் இருந்திருக்கும்? இழுபட்டுத்தான். டப்ளினில் கண்ணாடிக் குழாயை உருக்கி மூடிப் பரிசோதித்துக் கண்டதை, தாகம் எடுத்தவன் ஒரு கத்தியில் கண்டிருக்கிறான். அவன் கட்டுரை வெளியிடவில்லை, அது அவன் தவறு.

இங்கே நம் ஆள் ஒருவர் உள்ளே வருகிறார். ராஸ் தீவுக்கு 2018-இல் போஸ் பெயர் வைத்தார்களே, அவர் நேதாஜி. இவர் வேறு போஸ், ஜகதீஷ் சந்திர போஸ். அந்தமானில் கைதிகள் இறங்கிய அதே 1858-இல், நவம்பர் 30 அன்று பிறந்தவர். கம்பியில்லா அலைகளில் உலகை வியக்கவைத்துவிட்டு, தாவரங்களுக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டப் புறப்பட்டவர். தொழுகண்ணிச் செடியின் சிற்றிலைகள் தாமாகத் துடிப்பதைப் பார்த்துப் பார்த்து, எல்லாச் செடிக்குள்ளும் ஒரு துடிப்பு இருந்தாக வேண்டும் என்று அவருக்குப் பட்டது. கல்கத்தாவில் தம் பெயரால் 1917-இல் தொடங்கிய நிறுவனத்தில் மின்முனையைத் தண்டுக்குள் இம்மி இம்மியாகச் செருகி, பட்டையின் உட்புறத்து அடுக்கில் மின்துடிப்பு அதிகம் என்று கண்டார். அந்தச் செல்கள் சுருங்கி விரிந்து நீரை மேலே செலுத்துகின்றன என்று 1923-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். கூலியாள் செத்தான் என்று ஸ்ட்ராஸ்பர்கர் சான்றிதழ் கொடுத்து 32 ஆண்டுகள் ஆன பின்பு, போஸ் அவனுக்கு இதயம் வைத்து எழுப்பினார்.

எனக்கு போஸைக் கேலி செய்ய மனம் வருவதில்லை, செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. துரைமார் மரத்துக்குள் கூலியாளைத் தேடியபோது அவர் அங்கே ஒரு இதயத்தைத் தேடினார். பிழையிலும் ஒரு தரம் உண்டு. செடிகளில் மின்குறிகள் ஓடுகின்றன என்பதில் அவர் ஜெயித்துவிட்டார். நீரேற்றத்தில் தோற்றார். பட்டையை வளையமாக உரித்த பின்னும் இலை வாடாத மரங்கள் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தன. வெள்ளைக்காரன் பொறாமையில் மறுத்துவிட்டான் என்று நம்மூர் மேடைகளில் இன்றும் முழங்குவார்கள். பொறாமை இருந்திருக்கலாம். தேக்குமரத்துக்குமா பொறாமை?

அவர் கேட்க நினைத்த சத்தத்தைப் பிறகு வேறு சிலர் கேட்டார்கள் என்பது தனிக்கதை. 1966-இல் மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் வாடும் ஆமணக்கு இலைக்கு ஒலிவாங்கி வைத்தார்கள். டிக், டிக் என்று கேட்டது. துடிப்புதான் என்று போஸ் துள்ளியிருப்பார். இழுவிசை தாங்காமல் நீர்ச்சரடு ஒவ்வொரு குழாயாக அறுபடும் ஓசை அது. அறுந்த குழாயில் காற்றுக் குமிழ் அடைத்துக்கொள்ளும், அந்தக் குழாய் அவ்வளவுதான். இந்த அபாயத்துக்குப் பயந்துதான் அந்தமான் படாக் மரம் மழையில்லா மாதங்களில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கிறது. இழுப்பவனையே வேலையிலிருந்து நீக்கிவிட்டால் சரடு ஏன் அறுகிறது? தென்னைக்கு இன்னும் நெருக்கடி: மற்ற மரங்களைப் போல ஆண்டுதோறும் புதுக்கட்டை போட அதனால் முடியாது. இளமையில் பதித்த குழாயை வைத்தே 60, 70 ஆண்டு ஓட்டியாக வேண்டும். அப்படி ஓட்டி அது காய்க்கும் தேங்காயைச் செல்லுலார் சிறையில் கொப்பரையாக்கி, மாட்டுக்குப் பதில் மனிதனைச் செக்கில் பூட்டி, ஆளுக்கு நாளொன்றுக்கு 30 பவுண்டு எண்ணெய் ஆட்டச் சொன்னார்கள். கூலியாள் இல்லாமல் எதுவும் நடக்காது என்ற தத்துவம் அதன் உச்சத்தில் இருந்த இடம் அதுதான்.

இனி துரைமாரின் நிரந்தர எதிரி, கண்டல் காடு. சதுப்பிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் காய்ச்சல் தருகிறது என்று கைதிகளை விட்டுச் சதுப்புகளைத் தூர்த்தார்கள், கண்டலை வெட்டினார்கள். 1912-இல் கிறிஸ்டோபர்ஸ் என்ற ராணுவ மருத்துவர் ஆராய்ந்து பார்த்தால், குற்றவாளி உப்பங்கழித் தேக்கத்தில் பெருகும் ஒரு கொசு. வெயில் படும் உப்புத் தேக்கம் அதற்குப் பிரியமான பிரசவ அறை. காட்டை வெட்டினால் வெயில் விழும். மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டிப் போட்டார்களே, அந்தக் கண்டல்தான் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் கருவி. ராஸ் ஆலைக்கு விறகு சுமந்துகொண்டிருந்த காலம் முழுக்கக் கரையோரம் நின்றது. கடல்நீரின் உப்பு, நீரைத் தன் பக்கம் சுமார் 25 வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடாகப் பிடித்துவைத்திருக்கிறது. அதை வெல்லக் கண்டல் இலை அதற்கும் மேலாக இழுத்தாக வேண்டும். இழுக்கிறதா? 1965-இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த ஷோலாண்டரும் கூட்டாளிகளும் அளந்தே காட்டினார்கள். கிளையை இரும்புக் கலத்துக்குள் வைத்து, வெட்டுமுனையை மட்டும் வெளியே நீட்டி, உள்ளே வாயுவை ஏற்றினார்கள். உள்ளே ஓடிப்போன நீர் எந்த அழுத்தத்தில் முனையில் திரும்ப எட்டிப்பார்க்கிறதோ, அதுதான் மரத்தின் இழுவிசை. உயர்ந்த மரத்தின் உச்சிக்கிளை வேண்டுமென்றால் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார்கள், அமெரிக்கா அல்லவா. கண்டலில் கிடைத்த கணக்கு 30 முதல் 60 வளிமண்டலம். உப்பில் பெரும்பங்கை வேரே வடிகட்டித் தள்ளிவிடுகிறது. வெண்கண்டல் கொஞ்சத்தை உள்ளே விட்டு இலை வழியாகக் கக்குகிறது. பிச்சாவரம் போகிறவர்கள் ஓர் இலையை நக்கிப் பார்க்கலாம். டிக்சனையும் ஜோலியையும் பார்த்துச் சிரித்தவர்களில் பெரும்பாலோர் இதோடு வாயை மூடிக்கொண்டார்கள். 1990-களில் மறுபடி ஒரு சண்டை மூண்டு அடங்கியது, அதற்குள் நான் போகவில்லை.

2004 டிசம்பர் 26-இன் நிலநடுக்கம் தீவுகளைச் சாய்த்துப் போட்டது. வடக்கு அந்தமான் பக்கம் நிலம் ஒரு மீட்டர் அளவுக்கு மேலே எழும்பியது, தெற்கில் தாழ்ந்தது. சுனாமி எடுத்துக்கொண்டுபோன மனிதர்களைப் பற்றி இந்தத் தொனியில் எழுத மாட்டேன். மரங்களைப் பற்றி மட்டும். போர்ட் பிளேரை ஒட்டிய சிப்பிகாட்டில் வயலும் தோப்பும் கடலுக்குள் போயின. பாக்கும் தென்னையும் மற்ற மரங்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே காய்ந்தன. வேரில் காற்றில்லை, இருந்த தண்ணீரையோ உப்பிடமிருந்து பறிக்க இலைக்குப் பலமில்லை. வடக்கே எதிர்மாறாக, அலை எட்டாத மேட்டில் மாட்டிக்கொண்ட கண்டல் காடுகள் சேறு காய்ந்து செத்தன. 30 வளிமண்டலம் இழுக்கத் தெரிந்தவனானாலும் இழுக்கத் தண்ணீர் வேண்டுமே. சில ஆண்டுகளில் சிப்பிகாட்டின் மூழ்கிய வயலில் கண்டல் கன்றுகள் தாமாக வந்து குடியேறின.

கடைசியாக நிக்கோபாரின் கச்சால் தீவு. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழ்க் குடும்பங்களில் சில, அங்கே ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. பால் வெட்டுகிறவர் கத்தியை எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்பதிலேயே மால்பிகி முதல் போஸ் வரையான தகராறு அடங்கியிருக்கிறது: பால் பட்டையில், தண்ணீர் கட்டையில். கத்தி கட்டையைத் தொட்டுவிட்டால் காயம் ஆறாமல் மரம் முண்டு முண்டாக வீங்கும், மேஸ்திரியிடம் ஏச்சு கிடைக்கும். விடிவதற்கு முன்பே வெட்டியாக வேண்டும் என்பது இன்னொரு விதி. இரவெல்லாம் இலைத்துளைகள் மூடி, இழுப்பு தளர்ந்து, பட்டைச் செல்கள் நீரால் விம்மி நிற்கும் நேரம் அது. பால் பீறிட்டு வரும். வெயில் ஏறினால் இலை இழுக்கத் தொடங்கும், பட்டையின் நீரும் அந்தப் பக்கம் சாயும், பால் சுருங்கும். காலைப் பலகாரம் முடித்து, முகச்சவரம் செய்து, பத்தரை மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கி, ஒரு மரத்தில் வெட்டிக் காட்டச் சொல்லி, ஏன் இவ்வளவு குறைவாக வடிகிறது, ஆட்கள் சரியாக வேலை செய்வதில்லையா என்று கேட்பவர் எந்தத் தோட்டத்திலும் ஒருவர் இருப்பார்.